முகப்பில் வைத்த படம்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். உன் மாமாவுக்கு இடுப்புப் பிடிப்பு. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் வருகிறது, சாப்பிட உட்கார்ந்தால் வருவதில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. போன மாதம் நீ பாதியில் வைத்துவிட்டாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு எதிரே இருந்த எலும்பு மருத்துவமனை ஊருக்கு வெளியே மாறிப் போய்விட்டது. பதினாறு வருடமாக ஊன்றுகோலோடு அந்தப் படி இறங்கியவர்கள் கண்ணில் முதலில் பட்டது நம் பலகைதான்: ‘இரண்டு காலும் ஒரே அளவு இல்லாதவர்களுக்குச் செருப்பு, ஷூ.’ இப்போது அந்தக் கட்டடத்தில் பழைய நாற்காலிகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். நேற்று முழுக்க ஒரே ஒருவர் உள்ளே வந்தார். அவரும் வழி கேட்கத்தான் வந்தார்.

நம்மிடம் வருகிறவர்களை உனக்குத் தெரியும். எட்டாம் அளவில் ஒரு ஜோடி, ஆறாம் அளவில் ஒரு ஜோடி வாங்கி, இரண்டிலும் ஒன்றைத் தூக்கி எறிகிறவர்கள். கடையை மூன்று முறை தாண்டிப் போய்விட்டு, நான்காவது முறைதான் நுழைவார்கள். அவர்கள் வீட்டிலிருந்தபடியே நம்மைப் பார்க்க வேண்டும். ஒரு வலைத்தளம் வேண்டும்.

இருபது வருடமாக ஊருக்கெல்லாம் செய்து கொடுக்கிறாய். ‘உனக்கு ஒண்ணு செஞ்சு தரேன் பாரு, கண்ணுல ஒத்திக்கலாம்’ என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த வாக்கை இப்போது வசூலிக்கிறேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் இடுப்பு நேரம் பார்த்து வலிக்கிறது போலிருக்கிறது, விசாரித்ததாகச் சொல். அச்சடித்து அனுப்புகிறேன், தப்பாக நினைக்காதே. என் கையெழுத்தைக் கோழி கிறுக்கியது என்பாய்.

நீ கேட்டதைப் பற்றி நன்றாக யோசித்தேன். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். டெம்ப்ளேட் என்று ஒன்று இருக்கிறது. யாரோ முன்பே கட்டி வைத்த பக்கங்கள், எழுத்தையும் படத்தையும் நாம் மாற்றிக்கொண்டால் போதும். மாமாவே செய்துவிடலாம். எது வாங்க வேண்டும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நான்கே பக்கங்கள், அலங்காரம் கிடையாது. நிறையத் தேடி, ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் இதைச் சொல்கிறேன். வேறு எதையும் வாங்காதே.

கொஞ்ச நாளாக வேலை அதிகம். பதில் தாமதமானால் கோபப்படாதே.

உன் நலத்தையே விரும்பும்
தம்பி

*

மார்ச் 6

தம்பிக்கு,

சுகம். மாமாவும் சுகம். உன் கடிதத்தைப் பார்த்து முதலில் மின்சார அலுவலக நோட்டீஸ் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டேன்.

எனக்குப் புரியவே இல்லை. ரெடிமேட் செருப்பு பொருந்தாதவர்களுக்காகவே கடை வைத்திருக்கிறேன். எனக்கே ரெடிமேட் வலைத்தளமா? முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறாய், கூடப் பிறந்தவளுக்கு எவனோ செய்து வைத்ததை வாங்கிக்கொள் என்கிறாய். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு. இல்லை, அக்காவுக்குச் செய்யாதே என்று உன் வீட்டுக்காரி சொன்னாளா? அவளும்தான் ஒரு வரி எழுதுவதில்லை.

மாமா உன் பேச்சைக் கேட்டு அந்த டெம்ப்ளேட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். முகப்பில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற நான்கு பேர். எட்டுக் காலும் அளவெடுத்தது போல ஒரே மாதிரி. ‘எங்கள் குழு’ என்ற பக்கத்தில் முகம் வைக்க ஆறு வட்டங்கள். நாங்கள் இருப்பதோ இரண்டு பேர். “மிச்ச நாலுல சுத்தியல், குத்தூசி, மெஷின், நம்ம டீ பிளாஸ்க், நாலையும் வெச்சுடலாம்” என்கிறார் மாமா. அவருக்கு எல்லாமே விளையாட்டு.

பக்கத்துத் தெருவில் ஒரு குறுந்தாடிக்காரர் வலைத்தளம் செய்கிறார். கடைக்கே வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். தோலை மோந்து பார்த்தார். எனக்கென்றே புதிதாகச் செய்து தருகிறேன் என்றார். அவரிடமே கொடுத்துவிடலாமா என்று இருக்கிறேன்.

நலமாக இரு.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? ஆறு வாரமாகப் பதில் போடவில்லை, மன்னித்துவிடு. இவளைத் தப்பாக நினைக்காதே. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். புதிதாக ஒருவர் வந்தால் நீ என்ன செய்வாய்? அவருக்கென்று ஒரு மரத்தை வெட்டிக் கால் வடிவக் கட்டை செதுக்குவாயா? அலமாரியில் வரிசையாக இருக்கும் கட்டைகளில் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுப்பாய். விரல் பக்கம் தோல் துண்டு ஒட்டுவாய், குதிகாலில் தக்கை வைப்பாய், உள்பக்கம் கொஞ்சம் இழைப்பாய். கட்டை ரெடிமேட்தான். ஷூ அவருடையது. டெம்ப்ளேட்டும் அப்படித்தான். சிரிக்கிற நான்கு பேரைத் தூக்கிவிடு. ஆறு வட்டத்தை இரண்டாக்கலாம், மாமாவுக்குச் சொல்லித் தருகிறேன்.

குறுந்தாடிக்காரரிடம் கொடுப்பதானால் மூன்று கேள்வி கேள். எழுத்தைப் படத்துக்குள் வைக்கிறாரா? மவுஸைத் தொடாமல் கீபோர்டை வைத்தே எல்லாப் பக்கத்துக்கும் போக முடியுமா? தலைப்பு, பத்தி, பட்டன் எல்லாம் வரிசைப்படி வருமா? மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் அக்கா. காரணம் கேட்காதே.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி

*

மே 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். மாமாவுக்கு இடுப்பு தேவலை.

கட்டையைப் பற்றி நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமாகவே இருந்தேன், சரியாகச் சொல்லிவிட்டாயே என்று. மாமா சும்மா இருக்கவில்லை. டெம்ப்ளேட்டில் நம் கடைப் பெயரையும் விலாசத்தையும் போட்டு, பரீட்சைக்கு என்று ஏற்றிவிட்டார். மூன்றாம் நாள் சபாரி சட்டை போட்ட ஒருவர் வந்து கடையை மேலும் கீழும் பார்த்தார். “மத்த பத்தொன்பது கிளை எங்கெங்க இருக்கு?” என்றார். அப்புறம் பார்த்தால், டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரி வாசகத்தில் ‘உலகெங்கும் இருபது கிளைகள்’ என்று இருந்ததை மாமா அழிக்காமல் விட்டிருக்கிறார். “எல்லாம் இங்கேருந்துதான் சார் கிளம்பணும், இன்னும் கிளம்பல” என்று மாமா சமாளித்தார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். மகளுக்குக் கால் அளவு கொடுத்துவிட்டுத்தான் போனார்.

குறுந்தாடிக்காரரும் மாதிரி காட்டினார். பொய் சொல்லக் கூடாது, அழகு. திரைக்குக் குறுக்கே ஒரு பெரிய ஷூவும் ஒரு சின்ன ஷூவும் நடந்து போகின்றன. எழுத்துகள் பனியிலிருந்து வருவது போல வருகின்றன. உன் மூன்று கேள்வியைக் கேட்டேன். “அதெல்லாம் யாரும்மா இப்ப பாக்குறாங்க?” என்றார்.

மனது இரண்டு பக்கமும் இழுக்கிறது. இரண்டின் விலாசமும் கீழே எழுதியிருக்கிறேன். நீ பார்த்து ஒன்றைச் சொல், அதற்கு மேல் பேச்சில்லை. டெம்ப்ளேட்டில் அந்த நான்கு பேரை எடுத்துவிட்டு நானே ஒரு படம் வைத்திருக்கிறேன். என்ன படம் என்று எழுதமாட்டேன். பார்த்தவுடன் எனக்குச் சொல். அதற்காகவே காத்திருப்பேன்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். போன முறை கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன்.

அக்கா

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

இரண்டையும் பார்த்தேன். குறுந்தாடிக்காரருடையது வாயே திறக்கவில்லை. டெம்ப்ளேட் சுத்தமாக இருக்கிறது. ‘அளவு கொடுப்பது எப்படி’ என்று நீ எழுதியிருக்கும் பகுதி அருமை. ‘வெட்கப்பட வேண்டாம், எங்களிடம் வருகிற எல்லோருக்கும் இரண்டு கால் இரண்டு விதம்தான்’ என்ற வரியை நான்கு தடவை கேட்டேன். இதையே வைத்துக்கொள்.

முகப்புப் படம் ரொம்பப் பொருத்தம். பார்க்கிறவர்களுக்கு உடனே நம்பிக்கை வரும். நல்ல தேர்வு.

மாமாவுக்கு அன்பு.

தம்பி

*

ஜூன் 5

தம்பி,

நாங்கள் நலம். உன்னை நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

முகப்பில் இருப்பது உன் படம்.

உனக்கு ஏழு வயது. கால் முறிந்து, மாவுக்கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று எடுத்தது. வீங்கிய காலில் ஷூ ஏறவில்லை என்று என் செருப்பை மாட்டிக்கொண்டு, மறு காலில் உன் ஷூவோடு, இடுப்பில் கை வைத்து நிற்கிறாய். முன்பல் இரண்டும் இல்லை. பெட்டியைக் குடைந்து அதைத் தேடி எடுத்தேன். நீ பார்த்ததும் கத்துவாய், ‘எடுத்துத் தொலை அக்கா’ என்று போனே பண்ணிவிடுவாய் என்று மாமாவும் நானும் பந்தயம் கட்டியிருந்தோம்.

‘நல்ல தேர்வு’ என்று எழுதியிருக்கிறாய்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் திரும்பப் படித்தேன். அச்சடித்து வருகிறவை. ‘வாயே திறக்கவில்லை.’ ‘நான்கு தடவை கேட்டேன்.’ நான் செருப்புத் தைக்கிறவள்தான், ஆனாலும் ஒரு வரியை யாரும் கேட்பதில்லை, படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

உன் கண்ணுக்கு என்னடா ஆயிற்று?

அக்கா

*

ஜூன் 14

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். அண்ணனும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இத்தனை நாள் ஒரு வரி எழுதாததற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதங்களை எல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். ‘உன் வீட்டுக்காரி சொன்னாளா’ என்ற வரியையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்றரை வருடமாக விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது. முதலில் பார்வையின் ஓரங்கள் போயின. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். திரும்பி வராது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆபீஸில் நீண்ட விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். “அக்கா கடையை மூடிட்டு ரயில் ஏறிடுவா, அவ பொழப்பு கெட்டுடும்” என்பார்.

நீங்கள் வைத்த படத்தை நான் அன்றைக்கே பார்த்தேன். யார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. “படம் நல்லா இருக்குன்னு எழுதிடலாமா?” என்றார். “எழுதுங்க” என்றேன். அந்தப் பொய்க்குத் துணை போய் எனக்கு அலுத்துவிட்டது அண்ணி. உங்களுக்குத் தெரிந்துவிடட்டும் என்றுதான் விட்டேன்.

ஜூன் ஐந்தாம் தேதிக் கடிதத்தை வாசித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, “செருப்பு எந்தக் கால்ல இருக்கு?” என்று கேட்டார். இடது காலில் என்றேன். “ஆமா, இடதுதான்” என்றார்.

அவரே எழுதுவார். கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

உங்கள் அன்பை எதிர்பார்க்கும்
தம்பி மனைவி

*

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? நான் நலம் என்று இதுவரை எழுதியதெல்லாம் முழுப் பொய்யும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இவளோடு சண்டை போடுகிறேன்.

உனக்குச் செய்து தருகிறேன் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. பிப்ரவரியில் உன் கடிதம் வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நிறம் தெரியவில்லை, கோடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அரைகுறையாகச் செய்து அனுப்புவதைவிட, நீ என்னைத் திட்டினால் பரவாயில்லை என்று தோன்றியது. உன்னிடம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். இவளையும் ஆபீஸையும் தவிர யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்றைப் பழகிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தைக் கட்டியவர் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அது மேலிருந்து கீழ் வரை தெளிவாகப் படிக்கும். பெரும்பாலான பக்கங்களில் ‘பட்டன், பட்டன், படம், பட்டன்’ என்று உளறும். இருபது வருடம் நான் கட்டிய பக்கங்களைப் போட்டுக் கேட்டேன் அக்கா. அதில் பாதி இப்படித்தான் உளறுகிறது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தவை எல்லாம். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சமில்லை.

அதன் பிறகு முப்பதுக்கு மேல் டெம்ப்ளேட்டைக் காதால் அலசினேன். உனக்குச் சொன்ன அந்த ஒன்றுதான் தடுமாறாமல் பேசியது. உன்னிடம் வருகிறவர்களில் என்னைப் போல ஒருவர் இருக்கமாட்டாரா? சர்க்கரை நோயில் காலும் போய்க் கண்ணும் மங்கியவர்கள் எத்தனை பேர்! சும்மா தட்டிக் கழித்தேன் என்று மட்டும் நினைக்காதே.

உன் முகப்பில் அது ‘படம்’ என்று மட்டும் சொன்னது. அதற்கு விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கிறது, நீங்கள் இருவரும் காலியாக விட்டுவிட்டீர்கள். மாட்டிக்கொண்டேன்.

உடனே ரயில் ஏறாதே. ஒரு மாதம் கொடு. வருகிறபோது நான் தட்டுத்தடுமாறி நிற்கிற நிலையில் நீ என்னைப் பார்க்கக் கூடாது.

தம்பி

*

ஆகஸ்ட் 3

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன், இதை உனக்கு வாசிக்கிறவளுக்கும் சேர்த்து. அம்மா, நீ நலமா? அன்றைக்கு எழுதிய வரிக்கு நான் வந்து நேரில் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நான் அழவில்லை என்று எழுத மாட்டேன். மாமா இரண்டு நாள் மெஷினையே தொடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து போய், தன் போனில் அந்த வாசிக்கிற வசதியை எப்படியோ கண்டுபிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நம் பக்கத்தைக் கேட்டார். “நம்ம கடைக்குள்ள யாரோ கையப் புடிச்சு கூட்டிட்டுப் போற மாதிரி இருக்குடி” என்றார். அதோடு குறுந்தாடிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். காரணத்தையும் சொன்னேன். அவர் முதலில் முறைத்தார், அப்புறம் தாடியைச் சொறிந்துகொண்டே, “அந்த மூணு கேள்வியை எழுதித் தர்றீங்களா?” என்று கேட்டு வாங்கிப் போனார்.

படத்துக்கு விளக்கம் எழுதியாயிற்று. என்ன எழுதினேன் என்று நீயே கேட்டுக்கொள். மாமா ‘பொக்கை வாய்’ என்று சேர்க்கச் சொன்னார், நான்தான் தடுத்தேன்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள், லாரி ஓட்டுகிறவள். இடது கால் ஒரு விபத்தில் நசுங்கி ஒன்றரை அளவு சின்னதாகிவிட்டது. துணியைத் திணித்துக்கொண்டுதான் கிளட்ச் மிதிப்பாளாம். போனில் நம் பக்கத்தைப் பார்த்து நேரே வந்தாள், ஒரு தடவைகூடக் கடையைத் தாண்டிப் போகவில்லை. நேற்று ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றவள் நகரவே இல்லை. “என்னம்மா, கடிக்குதா?” என்றேன். “இல்லக்கா. நாலு வருஷம் கழிச்சு ரெண்டு காலும் ஒண்ணா நிக்குது. கொஞ்சம் இருங்க” என்றாள். போன மாதம் கடைக்கு வந்த ஒன்பது பேரில் ஏழு பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்து வந்தவர்கள்.

நீ கேட்டது ஒரு மாதம், இரண்டாகவே கொடுத்தேன். செப்டம்பர் பதினெட்டு டிக்கெட் எடுத்தாயிற்று. தடுமாறினால் தடுமாறு. நடக்கப் பழகிய போதும் நீ என் முன்னால்தான் விழுந்தாய்.

அக்கா

*

செப்டம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு பேரும் நலமாக வந்து சேருங்கள். மாமாவுக்குக் கீழ்ப்படுக்கை வாங்கினாயா?

விளக்கத்தைக் கேட்டேன். ‘ஏழு வயதுப் பையன். ஒரு காலில் தன் ஷூ, மறு காலில் அக்காவின் செருப்பு. நன்றாக நிற்கிறான்.’ இவள் என்னை நாலைந்து தடவை போட்டுக் காட்டச் சொன்னாள், நானும் சளைக்காமல் போட்டேன்.

ஆபீஸில் கூப்பிட்டார்கள். புதிதாகக் கட்டுகிற பக்கங்களைக் காதால் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். முதல் நாளே பதினோரு தப்பு கண்டுபிடித்தேன். அதில் நான்கு, நான் முன்பு கட்டியதில் இருந்தவை. பக்கத்தில் இருந்தவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

வெள்ளைக் கோல் பிடிக்க ஒரு அம்மா வந்து சொல்லித் தருகிறார். ராணுவத்தில் இருந்திருப்பார் போல. “கோலை தடவாதீங்க சார், தட்டுங்க. வழி நீங்க கேக்குறீங்க, அது பதில் சொல்லுது” என்பார். மூன்று வாரமாக அவரோடு போகிறேன். தனியாக இன்னும் போனதில்லை.

தெருமுனை மருந்துக்கடையை ஒட்டி ஒரு தபால் பெட்டி இருக்கிறது. எங்கள் வாசலிலிருந்து நூற்று நாற்பது தப்படி, ஒரு திருப்பம், ஒரு சாக்கடை மூடி. இதுவரை என் கடிதங்களை எல்லாம் இவள்தான் கொண்டுபோய்ப் போட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாடியில் நின்று பார்க்கவும் கூடாது என்றிருக்கிறேன். பார்ப்பாள், தெரியும்.

இதை மடித்து உறையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். இது உன் கையில் இருக்கிறது என்றால், நான் அங்கே வரை போய்விட்டேன் என்று தெரிந்துகொள்.

தம்பி